விருதுநகர் 1967: ஒரு தேர்தல் தோல்வியின் சமூக அடித்தளம்

1967ஆம் ஆண்டு பெப்ரவரியில் நடைபெற்ற பொதுத் தேர்தலில், அன்றைய சென்னை மாநிலத்தின் விருதுநகர்ச் சட்டமன்றத் தொகுதியில் கு. காமராஜர் தோல்வியுற்றார். அவரை எதிர்த்து நின்றவர் திராவிட முன்னேற்றக் கழக வேட்பாளரும் 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் மாணவர் தலைவர்களுள் ஒருவராக விளங்கியவருமான பெ. சீனிவாசன். சீனிவாசன் 33,421 வாக்குகளையும் காமராஜர் 32,136 வாக்குகளையும் பெற்றனர். வேறுபாடு 1,285 வாக்குகள் மட்டுமே.

தோற்றவர் சாதாரண உறுப்பினர் அல்லர். 1937இல் சாத்தூர்த் தொகுதியிலிருந்து முதன்முறையாகச் சட்டசபைக்குச் சென்ற அவர் 1946இலும் அங்கிருந்தே தெரிவுசெய்யப்பட்டார். 1952இல் திருவில்லிபுத்தூரிலிருந்து பாராளுமன்றம் சென்றார். 1954இல் முதலமைச்சரானதும் குடியாத்தம் இடைத்தேர்தல் மூலம் சட்டசபைக்கு மீண்டார். 1957, 1962 தேர்தல்களில் மறுபடியும் சாத்தூரின் உறுப்பினரானார். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முதலமைச்சராக இருந்து, 1963 ஒக்டோபரில் தாமே பதவி விலகி, 1964 முதல் அகில இந்தியக் காங்கிரசின் தலைவராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். சாஸ்திரியும் இந்திரா காந்தியும் பிரதமராவதற்கு வழிவகுத்தவர் அவரே. அத்தகைய ஒருவர் தாம் பிறந்த ஊரிலேயே, கல்லூரிக் கிளர்ச்சியிலிருந்து வந்த ஓர் இளைஞரிடம் தோல்வியுற்றமை எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. மக்கள் நன்றி மறந்தனர் என்பது ஒன்று. தமிழுணர்வு என்னும் பேரலை காங்கிரசை அடித்துச் சென்றது என்பது மற்றையது. முதலாவது விடை மக்களைக் குற்றவாளிகளாக்குகின்றது; இரண்டாவது அவர்களை உணர்ச்சிப் பிண்டங்களாக்குகின்றது. இரண்டுமே வரலாற்றை இயக்கும் சமூக சக்திகளைக் காணத் தவறுகின்றன. தி.மு.க.வின் ஏடுகளும் திரைப்படங்களும் ஈழத்துத் தமிழரிடையே பரவலாகப் பயின்றமையால், இரண்டாவது விடை எம்மவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஆகவே இதனை மறுபரிசீலனை செய்தல் எமக்கும் பயனுடையதாகும்.

1. ஊரும் தலைவரும்

முன்னர் விருதுபட்டி எனப்பட்ட விருதுநகர், இராமநாதபுர மாவட்டத்தின் வரண்ட கரிசற் பகுதியில் எழுந்த வணிக நகரம். பருத்தி, மிளகாய், பருப்பு, எண்ணெய் முதலிய பண்டங்களின் கொள்முதற் சந்தையாக அது வளர்ந்தது. அவ்வணிகத்தை நடத்தியோர் பெரும்பாலும் நாடார் சமூகத்தினர். கோயில் நுழைவு மறுக்கப்பட்டு, சாதி அடுக்கில் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த அச்சமூகத்தின் ஒரு பகுதியினர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வணிக மூலதனத்தின் துணையுடன் மேலெழுந்தனர். உறவின்முறை என்னும் ஊரமைப்பும், மகமை என்னும் பொதுநிதியும் அவ்வெழுச்சியின் நிறுவன வடிவங்களாயின. 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலவரம், இவ்வெழுச்சியைப் பழைய நிலவுடைமை ஒழுங்கு எத்துணை வன்மத்துடன் எதிர்கொண்டது என்பதற்குச் சான்றாகும்.

இந்நகரின் நாடார் சமூகம் நடத்திய சத்திரிய வித்தியாசாலையிற் காமராஜர் பயின்றார். வீடுதோறும் நாள்தோறும் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி, அதனைத் திரட்டிப் பாடசாலைக்கு உதவும் பிடியரிசி முறை அங்கு நிலவியது. பின்னாளில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கிய முதலமைச்சரின் சிந்தனைக்கு இச்சூழல் ஒரு விளைநிலமாயிற்று எனக் கருத இடமுண்டு. ஆயின் அவர் அந்நகரின் செல்வர் வீட்டுப் பிள்ளை அல்லர். தந்தையை இளமையில் இழந்து, படிப்பை இடையில் நிறுத்தி, மாமனின் துணிக்கடையில் வேலை செய்தவர். நகரின் பெருவணிகர் பலர் நீதிக் கட்சியைச் சார்ந்து நின்ற காலத்தில் அவர் காங்கிரசின் தொண்டரானார். எனவே சொந்தச் சாதியின் மேட்டுக்குடியினரை எதிர்த்தே அவரது அரசியல் வாழ்வு தொடங்கியது என்பது மனங்கொள்ளத்தக்கது. அவரைச் சாதித் தலைவர் என்ற சட்டகத்துள் அடக்குவோர் இவ்வுண்மையைக் காண்பதில்லை.

1937ஆம் ஆண்டின் தேர்தல் சொத்தும் கல்வியும் உடையோருக்கே வாக்குரிமை வழங்கிய தேர்தல். 1967ஆம் ஆண்டினதோ வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த தேர்தல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் வாக்காளர் என்ற சொல்லின் சமூகப் பொருளே மாறிவிட்டது. தலைவர் அதே தலைவராக இருந்தார். அவரைத் தெரிவுசெய்வோர் வேறு மக்களாயினர்.

2. தாமே உருவாக்கிய எதிரி

1954இல் ஆட்சிக்கு வந்த காமராஜர், இராஜாஜி முந்திய ஆண்டு கொணர்ந்த, எதிர்ப்பாளரால் குலக்கல்வித் திட்டம் என அழைக்கப்பட்ட கல்வித் திட்டத்தைக் கைவிட்டார். மூடப்பட்ட பாடசாலைகள் திறக்கப்பட்டன. புதியன பல நிறுவப்பட்டன. 1956 முதல் மதிய உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. கிராமத்துப் பிற்படுத்தப்பட்ட சாதிகளிலிருந்தும் தாழ்த்தப்பட்ட மக்களிடமிருந்தும், தம் குடும்பத்தில் முதன்முறையாக எழுத்தறிந்த ஒரு தலைமுறை தோன்றியது. பெரியார் ஈ.வெ.ரா. அவரைப் பச்சைத் தமிழர் எனப் போற்றி 1967 வரை ஆதரித்தமைக்கு இதுவே தலையாய காரணம். குடியாத்தத்தில் தி.மு.க.வும் அவரை ஆதரித்தமை இங்கு நினைவுகூரத்தக்கது.

இத்தலைமுறை 1960களின் நடுப்பகுதியிற் கல்லூரிகளை அடைந்தது. அங்கே அது கண்டது என்ன? பட்டம் பெற்றவர்க்குப் போதிய வேலை இல்லை. இருந்த வேலைகளில் மதிப்புமிக்கவை மத்திய அரசுத் தேர்வுகளின் வழியே கிடைப்பவை. 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழியாகும் என்னும் ஏற்பாடு, அத்தேர்வுகளின் வாயிலைத் தம் முகத்தில் அடைப்பதாக அம்மாணவர் உணர்ந்தனர். மொழிப் போராட்டம் என நாம் அழைப்பது, புதிதாகக் கற்ற கீழ் நடுத்தர வர்க்கத்தின் வாழ்வுரிமைப் போராட்டமுமாகும். மொழியுணர்வு பொய்யானது என்பதன்று எமது வாதம். பொருளியல் வாழ்வின் நெருக்கடி தன்னை வெளிப்படுத்துதற்கு அது உயிருள்ள வடிவமாயிற்று என்பதே.

1964 ஜனவரியிற் கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி தீக்குளித்தார். ஓராண்டின் பின் கிளர்ச்சி மாநிலமெங்கும் பரவியது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராஜேந்திரன் 1965 ஜனவரி 27இற் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் பலியானார். இராணுவம் வரவழைக்கப்பட்டது. அரசுத் தரப்பு மதிப்பீட்டின்படியே ஏறத்தாழ எழுபது பேர் உயிரிழந்தனர். முதலமைச்சர் மீ. பக்தவத்சலம் இதனைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக மட்டுமே நோக்கினார். காமராஜரோ இந்தியை வலிந்து திணித்தலாகாது என்னும் கருத்தினர். எனினும் துப்பாக்கி ஏந்திய அரசு அவரது கட்சியின் அரசு. அக்கட்சியின் அகில இந்தியத் தலைவர் அவர். தனிமனிதரின் கருத்துக்கும் அவர் தலைமை தாங்கும் நிறுவனத்தின் செயலுக்கும் இடையே முரண்பாடு தோன்றும்போது, மக்கள் நிறுவனத்தையே தீர்ப்புக்கு உட்படுத்துவர். அது நியாயமானதுங்கூட.

சீனிவாசன் இக்கிளர்ச்சி வழங்கிய வேட்பாளர். காமராஜர் திறந்த பாடசாலைகளின் வழியே வந்த தலைமுறையின் பிரதிநிதியாக அவர் காமராஜரையே எதிர்த்து நின்றார். இதனை நன்றியின்மை என்போர், கல்வியைத் தானமாகவும் கற்றவரைக் கடனாளியாகவும் கொள்கின்றனர். ஓர் ஆட்சி விரிவுபடுத்தும் கல்வி, அவ்வாட்சியாற் பூர்த்திசெய்யவியலாத தேவைகளையும் தோற்றுவிக்கும். தேவைகளைத் தோற்றுவித்துவிட்டு அவற்றை நிறைவேற்றும் பொருளாதார மாற்றத்தைச் செய்யாத ஆட்சி, தன்னை மறுக்கும் சக்தியைத் தானே வளர்த்துக்கொள்கின்றது. காமராஜரின் தோல்வி, அவரது சாதனையின் மறுபக்கம்.

3. படியரிசியும் மேடையும்

ஆயின் மாணவர் மட்டும் ஒரு தொகுதியை வென்றுவிட இயலாது. விருதுநகரின் வாக்காளருட் பெரும்பாலோர் இந்தித் தேர்வு எழுதும் நிலையில் இருந்தவரல்லர். அவர்களை அசைத்தது அரிசி.

1965இலும் 1966இலும் இந்தியா கடும் வரட்சிக்கு உள்ளாயிற்று. அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்நோக்கும் நிலை ஏற்பட்டது. 1966 யூன் 6ஆம் நாள் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது, 4.76 ரூபாயாக இருந்த டொலர் 7.50 ரூபாயாயிற்று. விலைகள் ஏறின. சென்னை மாநிலத்தில் அரிசித் தட்டுப்பாடு ஆட்சிக்கெதிரான பொதுக் குமுறலாக உருவெடுத்தது. நிலச் சீர்திருத்தத்தைப் பொறுத்தவரை, 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு முப்பது தர ஏக்கர் என வரையறுத்தபோதிலும், விலக்குகளாலும் பினாமி மாற்றங்களாலும் பெருநிலக்கிழார் பெரிதும் தப்பித்துக்கொண்டனர். கிராமத்திற் காங்கிரசின் தூண்களாக விளங்கியோரும் அவர்களே. பேருந்து முதலாளிகளும் மிராசுதாரரும் ஆலை அதிபரும் கட்சியின் உள்ளூர் முகமாயினர். 1962இற் காஞ்சிபுரத்தில் சி.என். அண்ணாத்துரையைத் தோற்கடித்த காங்கிரஸ் வேட்பாளர் ஒரு பேருந்து உரிமையாளராக இருந்தமை இதற்கோர் எடுத்துக்காட்டு. எளிய வேட்டி சட்டையுடன் வாழ்ந்த தலைவருக்கும் அவருக்கு வாக்குச் சேகரித்த வர்க்கத்துக்கும் இடையிலிருந்த தூரத்தை மக்கள் அளந்துகொண்டனர்.

இந்நிலையிலேதான் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் தி.மு.க.வின் வாக்குறுதி பிறந்தது. மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என அது விளக்கப்பட்டது. இலக்கிய மாணவர் என்ற முறையில் இத்தொடரின் அமைப்பினை நாம் சற்று நோக்குதல் தகும். காங்கிரசின் மேடை திட்டங்களைப் பற்றிப் பேசியது: ஐந்தாண்டுத் திட்டம், தொன்கள், மெகாவற்றுகள், உற்பத்தி வீதம். நெய்வேலியும் திருச்சிக் கொதிகலன் ஆலையும் மெய்யான சாதனைகள். ஆயினும் அவை வீட்டுப் பெண்ணின் கையில் தூக்கிப் பார்க்கக்கூடிய அளவைகள் அல்ல. படி என்பதோ அடுக்களையிற் கிடக்கும் பாத்திரம். தி.மு.க.வின் நடைக்கு அடுக்குமொழி, எதுகை, மோனை என்ற குற்றச்சாட்டை முற்போக்கு விமரிசகர் நெடுங்காலம் கூறிவந்துள்ளனர், நாமும் கூறியதுண்டு. ஆனால் 1967இல் அந்நடை அலங்காரத்திலிருந்து அளவைக்கு இறங்கி வந்தது. இலட்சியம், நிச்சயம் என்ற இயைபு செவிக்கு இனியது மட்டுமன்று. வாக்குறுதியையும் அதன் எல்லையையும் ஒரே மூச்சில் உரைத்துத் தப்பிக்கும் வழியையும் உடன் அமைத்துக்கொண்டது. மக்கள் மொழியை நன்கறிந்தவர் ஆக்கிய தொடர் அது.

இத்தொடரைச் சுமந்துசென்ற அமைப்பையும் கருதவேண்டும். படிப்பகங்கள், தேநீர்க் கடைகள், முடிதிருத்தகங்கள், சுவரொட்டிகள், திரையரங்குகள் ஆகியன பல ஆண்டுகளாக ஒரு மாற்றுப் பொதுவெளியாக வளர்ந்திருந்தன. 1967 ஜனவரி 12ஆம் நாள் எம்.ஆர். இராதாவாற் சுடப்பட்ட எம்.ஜி. இராமச்சந்திரன், கழுத்திற் கட்டுடன் மருத்துவமனையிற் காட்சியளிக்கும் படம் சுவரொட்டியாக ஊரெங்கும் சென்றது. கல்லூரி மாணவர் கிராமங்களுக்குச் சென்று வாக்குக் கேட்டனர். தம் வீட்டிலோ அயலிலோ முதன்முதலாகக் கற்ற பிள்ளை வந்து கேட்கும்போது அது வெறும் கட்சிப் பிரசாரமாக இராது. குடும்பத்தின் எதிர்காலமே வந்து கேட்பதாகும்.

மறுபுறம், காமராஜர் அகில இந்தியத் தலைவர் என்ற முறையில் நாடெங்கும் பொறுப்புச் சுமந்தவர். விபத்திற் காயமுற்றிருந்த வேளையில், படுத்துக்கொண்டே வெற்றி பெறுவோம் என அவர் கூறியதாக ஒரு கூற்று இன்றுவரை வழங்கிவருகின்றது. எச்சூழலிற் கூறப்பட்டதாயினும், அது பரவிய வேகமே நோக்கற்பாலது. நீண்டகால உறுப்பினரைப் பற்றி வாக்காளரிடம் இருந்த ஐயம், நாம் இவருக்கு உறுதியானவர்கள் என எண்ணப்படுகின்றோமா என்பது, அக்கூற்றில் தன் வடிவத்தைக் கண்டுகொண்டது.

ஊரின் நினைவும் இதிற் சேர்ந்தது. காங்கிரஸ் தியாகியான சங்கரலிங்கனார், மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுதல் உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து 1956 யூலை 27ஆம் நாள் உண்ணாவிரதம் தொடங்கியது இவ்விருதுநகரிலேதான். ஏறத்தாழ எழுபத்தாறு நாட்களின் பின் ஒக்டோபர் 13இல் அவர் உயிர்நீத்தார். அப்போது முதலமைச்சராக இருந்தவர் அதே ஊரவரான காமராஜர்.

4. எண்கள் கூறுவது

அலைக் கோட்பாட்டினை மறுப்பதற்கு எண்களே போதும். 1962இற் காங்கிரஸ் ஏறத்தாழ 46 வீத வாக்குகளைப் பெற்று 139 இடங்களை வென்றது. 1967இல் அது பெற்றது ஏறத்தாழ 41 வீதம்; இடங்களோ 51. தி.மு.க. 137 இடங்களைக் கைப்பற்றியபோதும் அதன் வாக்கு வீதம் காங்கிரசினதைவிடச் சற்றுக் குறைவே. அதாவது, காங்கிரசை விட்டு நீங்கியோர் நூற்றுக்கு ஐவர் மட்டுமே. முன்னர் சிதறிக்கிடந்த எதிர்ப்பு வாக்குகள் ஓரிடத்திற் குவிந்தமையே பெருமாற்றத்தை விளைவித்தது.

அக்குவிப்பைச் சாத்தியமாக்கியது அண்ணாத்துரை அமைத்த கூட்டணி. இராஜாஜியின் சுதந்திராக் கட்சி, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (மார்க்சிஸ்ட்), இரு சோசலிசக் கட்சிகள், முஸ்லிம் லீக் ஆகியன அதில் இடம்பெற்றன. நிலவுடைமையாளரின் குரலும் நிலமற்றோரின் குரலும் ஒரே மேடையில் ஒலித்தன. குலக்கல்வித் திட்டத்தின் ஆசிரியரும் அதனை எதிர்த்து வளர்ந்த இயக்கத்தவரும் கைகோத்தனர். இராமநாதபுர மாவட்டத்தில், 1957ஆம் ஆண்டின் முதுகுளத்தூர்க் கலவரத்தின் பின் காங்கிரஸ் ஆட்சியின்மீது தீராப் பகை கொண்டிருந்த முக்குலத்தோர் வாக்குகளும் எதிர்த்தரப்பிற் சேர்ந்தன. இத்துணை வேறுபட்ட சக்திகளை இணைத்தது பொதுவான இலட்சியம் அன்று, பொதுவான எதிரியே.

விருதுநகரில் இரு முதன்மை வேட்பாளரும் பெற்ற வாக்குகளின் கூட்டுத்தொகை 65,557. இதில் 643 பேர் மாற்றி வாக்களித்திருப்பின் முடிவு தலைகீழாகியிருக்கும். ஏறத்தாழப் பாதிப்பேர் காமராஜருடனேயே நின்றனர். ஆகவே மக்கள் அவரை நிராகரித்தனர் என்பது மிகைக்கூற்று. சமமாகப் பிளவுண்ட ஒரு சமூகத்தில் தராசு சற்றே சாய்ந்தது, அவ்வளவே. ஆயின் முப்பது ஆண்டுக்காலத் தலைவரின் சொந்த ஊர் சமமாகப் பிளவுண்டமையே வரலாற்று நிகழ்ச்சியாகும்.

5. தோற்றவரும் வென்றவரும் நாமும்

இத்தேர்தலின் தீர்ப்பை அதன் பின்விளைவுகளைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும். 1967 மார்ச் 6ஆம் நாள் அண்ணாத்துரை பதவியேற்றார். சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு வழங்கப்பட்டது. 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் நிறைவேறியது. 1969 ஜனவரியில் மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. சங்கரலிங்கனாரின் கோரிக்கை அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளின் பின் நிறைவெய்தியது. பண்பாட்டுத் தளத்தில் இவை மெய்யான வெற்றிகள். இவற்றைச் சிறுமைப்படுத்துதல் வரட்டு வாதமாகும்.

அரிசியின் கதை வேறு. ரூபாய்க்கு ஒரு படி என்னும் திட்டம் 1967இற் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் தொடங்கப்பட்டது. அது மாநிலம் முழுவதற்கும் விரியவில்லை. மூன்று படி இலட்சியமாகவே நின்றுவிட்டது. அரிசி விளையும் நிலத்தின் உடைமை மாறாதவரை, அரிசியின் விலையை மட்டும் மாற்றுதல் நீடிக்கவியலாது என்பதனை அது உணர்த்தியது. நிலத்தின் வினா எழுந்தபோது நிகழ்ந்ததை நாம் அறிவோம். 1968 டிசெம்பர் 25 இரவு, கீழைத் தஞ்சையின் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கம் சேர்ந்த தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையொன்றினுள் வைத்து எரிக்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். விருதுநகரில் முதலமைச்சரின் கட்சி மாறியது. வெண்மணியில் மிராசுதாரரின் அதிகாரம் மாறவில்லை.

இங்கு இடதுசாரிகளாகிய நாம் எம்மையே வினாவுதல் கடமையாகும். 1952இல் அன்றைய கூட்டுச் சென்னை மாகாணச் சட்டசபையிற் கம்யூனிஸ்டுகள் 62 இடங்களைப் பெற்று, காங்கிரசுக்கு மாற்றாக எழும் தகுதி பெற்றிருந்தனர். அவர்களின் வலிமையின் ஒரு பெரும்பகுதி தெலுங்குப் பகுதிகளைச் சார்ந்தது என்பது உண்மையே. எனினும் தமிழ்ப் பகுதியில் 1967இற் பிளவுண்ட இரு கட்சிகளும் சேர்ந்து பெற்றவை 13 இடங்கள்; ஒரு கட்சி கூட்டணியின் உள்ளே, மற்றையது வெளியே. பாடசாலையால் எழுந்த கீழ் நடுத்தர வர்க்கத்தின் மனக்குறையை, நிலமற்றோரின் பசியோடு இணைத்து ஓர் அரசியலாக்கும் பணி இடதுசாரிகளுக்கு உரியதாக இருந்தது. மொழியை மேற்கட்டுமானம் என ஒதுக்கி, மொழியுணர்வைப் பிற்போக்கெனப் புறந்தள்ளிய வேளையில், அப்பணியைப் பிறர் தம் முறையில் செய்துமுடித்தனர். தொழிலாளியின் அரிசிப் படியைக் கையிலெடுக்கும் சொல்லாற்றல் எம்மிடம் இருக்கவில்லை. இருந்தோரிடம் நிலத்தை மாற்றும் நோக்கு இருக்கவில்லை.

காமராஜர் 1969 ஜனவரியில் நாகர்கோயில் இடைத்தேர்தலில் வென்று பாராளுமன்றம் சென்றார். 1971இலும் அங்கு வென்றார். 1975 ஒக்டோபர் 2இல் மறைந்தார். சீனிவாசன் பின்னர் சட்டமன்றத் துணைச் சபாநாயகரானார். 1967இல் தோற்கடிக்கப்பட்டவரின் பெயரையே பின்வந்த கட்சிகள் பலவும் தம் வாக்குறுதியாக்கி, காமராஜர் ஆட்சியை மீண்டும் அமைப்போம் எனக் கூறின. 1982இல், அன்று சுவரொட்டியிற் கழுத்துக் கட்டுடன் தோன்றிய எம்.ஜி. இராமச்சந்திரனே முதலமைச்சராக இருந்து மதிய உணவுத் திட்டத்தைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். வென்றோர் தோற்றவரின் திட்டத்தைத் தொடர்ந்தமை, மக்களின் வாக்கு பாடசாலைக்கோ பிள்ளையின் சோற்றுக்கோ எதிரானதன்று என்பதனை ஐயமற நிறுவுகின்றது. அவர்கள் வேண்டியது அவற்றின் தொடர்ச்சியையே: பாடசாலைக்கு அப்பால் வேலை, பிள்ளையின் மதியச் சோற்றுக்கு அப்பால் வீட்டின் இரவுச் சோறு.

பிடியரிசி ஒரு சாதிச் சமூகத்தின் தன்முயற்சி. மதிய உணவு அரசின் அறம். படியரிசி கட்சியின் வாக்குறுதி. இம்மூன்றையும் கடந்து, விளைவிப்போர்க்கே விளைச்சல் என்னும் நிலைக்கு விருதுநகரின் வாக்குப்பெட்டி வழிகாட்டவில்லை. அதனிடம் அவ்வழி கேட்கப்படவுமில்லை. 1,285 வாக்குகளின் வரலாற்றில் எமக்குரிய பாடம் இதுவே.